நனையாத முகம்

“அத்தை, அந்த மூணாவது முகம் என்னையே பாத்து நக்கலாச் சிரிக்குது. நாளைக்கும் வந்து நின்னோம்னா பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிரும்.”

சோடாபுட்டி தன் தடித்த மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே பைனாகுலரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு மேல் கண்ணாடி. அப்படியும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

“வாயை மூடிட்டுப் பாரு” என்றாள் அத்தை.

“நான் வாயால பாக்கல அத்தை.”

அத்தைக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. பாதி வாழ்க்கையை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கழித்தவள். தானாகவே பற்றிக்கொண்ட கிடங்குகளையும், பூட்டியிருந்தபோதே காணாமல்போன சரக்குகளையும் ஒரு பார்வையில் எடைபோட்டவள். ஓய்வு பெற்றபின் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். எந்த வேலையிலும் நிலைக்காத அண்ணன் மகன் சோடாபுட்டியை உதவிக்கு வைத்துக்கொண்டாள். அவன் ஆட்கள் எதிரிலேயே அவளை ‘அத்தை’ என்று கூப்பிட்டுத் தொலைத்ததால், வழக்கோடு வருகிறவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

எதிரே பழைய தந்தி அலுவலகக் கட்டடம். தந்தி எப்போதோ நின்றுபோய், இப்போது உள்ளே ஓர் அறக்கட்டளையும் அதன் நாற்காலிகளும் மட்டும்தான். முகப்பு முழுக்க மணல் நிறக் கல். முதல் மாடியில் வரிசையாக ஏழு ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னல் வளைவின் உச்சியிலும் ஒரு கல் முகம். முடிக்குப் பதில் இலை, தாடிக்குப் பதிலும் இலை. ஒன்று கொட்டாவி விட்டது. ஒன்று அழத் தயாராக இருந்தது. மூன்றாவது முகம் ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, ‘நீ சொல்றதை நான் நம்பிட்டேன், போ’ என்று சிரித்தது. முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே, கல்லிலேயே கட்டித் தொங்கவிட்ட பூமாலைகள்.

ஏழும் ஒரே நிறம். ஒரே சொரசொரப்பு. ஒரே தூசி. வழக்கு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

வழக்கைக் கொண்டுவந்தவர் ஒரு டிராயிங் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடமும் ஆப்பிளும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, விடுமுறை நாளில் மடக்கு நாற்காலியும் வாட்டர்கலர் பெட்டியுமாக ஊரின் பழைய கட்டடங்களுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுகிறவர். தூண் தலைப்பில் சுருளும் இலை, மாடத்தைத் தாங்கும் சிங்கம், வாசல் வளைவின் கொடி என்று கல்லில் யாரோ செதுக்கியதையெல்லாம் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் இறக்குவது அவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி.

தந்திக் கட்டடத்தின் நூற்றாண்டுக் காலண்டருக்கு அறக்கட்டளை அவரிடம் ஓவியம் கேட்டது. போன மழைக்காலத்தில் ஒரு காலை, மழை விட்ட கையோடு உட்கார்ந்து வரைந்தார். ஓவியத்தில் சுவர் ஈரத்தில் ஊறி ஆழ்ந்த பழுப்பாக இருந்தது. மாலைகளும் ஆறு முகங்களும் அதே பழுப்பு. மூன்றாவது முகம் மட்டும் காய்ந்த மணல்போல வெளுத்துக் கிடந்தது.

“ஒரு முகத்துக்குக் கலர் அடிக்க மறந்துட்டீங்க” என்று அறக்கட்டளைச் செயலாளர் ஓவியத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பார்த்ததைத்தான் வரைந்தேன் என்று டீச்சர் மன்றாடினார். யாரும் காதில் வாங்கவில்லை. அவருடைய தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, “அக்கா, அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?” என்று கேட்டான். அம்மா கடைசிக் காலத்தில் பார்வை முழுக்கப் போய், சுவரைத் தடவித் தடவி நடந்தவர்.

தம்பி இன்ஜினியர். அந்தக் கட்டடத்தின் பழுதுபார்ப்பு வேலையே அவன் பொறுப்பில்தான் நடந்துகொண்டிருந்தது. அடுத்து ஒரு நாள் மழை கொட்டியபோது அக்காவைக் குடைக்குள் நிறுத்திக் காட்டினான். ஏழு முகமும் ஒரே மாதிரி இருந்தன. கண் டாக்டரோ, “லேசாப் புரை ஆரம்பிச்சிருக்கு. அதனால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்றார். நிறம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று டீச்சர் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அத்தையின் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் கேட்டது ஒன்றுதான். “என் கண்ணு போகுதா, இல்ல அந்தக் கல்லுல ஏதாச்சும் ஆச்சா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும். அது தெரியாம என்னால பிரஷ்ஷத் தொட முடியல.”

“மேடம், வெயில்ல நிக்கறீங்களே. டீ சாப்பிடுங்க.”

சாலையைத் தாண்டி வந்த டீச்சரின் தம்பி இரண்டு காகிதக் கோப்பைகளை நீட்டினான். தலையில் பாதுகாப்புத் தொப்பி, முகத்தில் கவலை.

“மேல் மாடியத் திறந்து காட்டுனீங்கன்னா, முகத்தப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுப் போயிருவோம்” என்றாள் அத்தை.

“தளம் பலமில்ல மேடம். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

“ஏணி?”

“பழைய கல்லு. ஏணி சாய்ச்சா உதிரும். போட்டோ எல்லாம் காட்டிட்டேனே. ஏழும் ஒண்ணுதான். அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. கண்ணுக்கு வைத்தியம் பாக்கட்டும்.”

அவன் போனதும் சோடாபுட்டி டீயை உறிஞ்சினான். “தங்கமான மனுஷன். கதவைத் தவிர எல்லாத்தையும் திறந்து காட்டுறாரு.”

அத்தை கோப்பையைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். அது விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. அன்றைக்கு எதுவுமே சரியாக விழவில்லை.

டீச்சர் வீட்டுக்கு அவள் போனது, வழக்கைக் கைவிடுகிறேன் என்று சொல்லத்தான். முன்னறை முழுக்க ஓவியங்கள். தூண்களும் சிங்கங்களும் மாடங்களும் சுவரை அடைத்துக்கொண்டிருந்தன. மேசைமேல் பிரஷ்கள் கழுவித் துடைத்து, துணியில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன, ஊருக்குப் போகிறவர் மூட்டை கட்டினாற்போல. அதைப் பார்த்ததும் அத்தை சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஓவியங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

மௌனம் சோடாபுட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. சுவரில் ஒரு படத்தைக் காட்டினான். “டீச்சர், இந்தச் சிங்கத்துப் பிடரில வெள்ளை வெள்ளையாக் கோடு விட்டிருக்கீங்களே, வெள்ளை பெயிண்ட்டா?”

“வெள்ளை பெயிண்ட்டே நான் தொடமாட்டேன். அது காகிதம்.”

“பெயிண்ட் எப்படி அந்தக் கோட்டை மட்டும் சுத்திக்கிட்டுப் போச்சு? போலீஸ் தடுப்பு ஏதும் போட்டீங்களா?”

டீச்சர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்து வெற்றுக் காகிதத்தில் நாலு இழுப்பு இழுத்தார். ஒரு பிரஷ்ஷை உருவி, பழுப்பு நிறத்தைக் கரைத்து மேலே ஒரே வீச்சாகத் தடவினார். காகிதம் கருத்தது. மெழுகு இழுத்த இடத்தில் மட்டும் நிறம் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது.

“காகிதம் தண்ணி குடிக்கும். மெழுகு குடிக்காது. அவ்வளவுதான்.”

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “கல்லு?”

“கல்லும் குடிக்கும். அதனாலதான மழையில கருக்குது.”

“டீச்சர், உங்க படத்துல ஆறு முகம் தண்ணி குடிச்சிருக்கு. ஒண்ணு குடிக்கல.”

டீச்சரின் கையிலிருந்த பிரஷ் காகிதத்தில் சொட்டிக்கொண்டேயிருந்தது.

“அப்போ அது கல்லே இல்ல!” என்று சோடாபுட்டி துள்ளினான். “ஃபைபர்ல செஞ்சு கல்லு மாதிரி பெயிண்ட் அடிச்சு ஒட்டியிருக்காங்க. நாம வெயில்ல நின்னு பாத்துட்டு இருந்தோம். வெயில்ல எல்லாரும் நல்லவங்கதான்!”

டீச்சர் தலையை ஆட்டினார். “இல்ல, அத்தை. அடுத்த மழையில ஏழும் ஒண்ணு போல இருந்துச்சு. தம்பி காட்டினான். மூணாவது முகம் தனியாத் தெரியுதான்னுதான் பாத்தேன். தெரியல. அழுகை வந்துருச்சு, திரும்பிட்டேன். அத எப்படி இல்லன்னு சொல்றது?”

கையில் வந்த நூல் மறுபடி அறுந்தது. அத்தை பல்லைக் கடித்தாள்.

“தண்ணி வேணும்” என்றாள். “அந்த முகத்துல தண்ணி பட்டாகணும்.”

வானம் ஒத்துழைக்கிற பருவமில்லை. மேகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பஞ்சுத் துணுக்குகூட மேலே இல்லை. அறக்கட்டளைச் செயலாளரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மின்விசிறிக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“கட்டடத்து மேல தண்ணி ஊத்தணுமா? எதுக்கு?”

“நனையுதான்னு பாக்கணும்.”

“ஊத்தினா நனையத்தான் செய்யும். இதுல என்ன துப்பறியறது?” அவர் கொட்டாவியை அடக்கினார். “எழுதிக் குடுங்க. கமிட்டி கூடும்போது வைக்கறேன்.”

“கமிட்டி எப்ப கூடும்?”

“அத கமிட்டிதான் முடிவு பண்ணணும்.”

வெளியே வந்ததும் சோடாபுட்டி சொன்னான்: “மழைக்கு மனு போட்டாக்கூட சீக்கிரம் வந்துரும் அத்தை.”

அத்தை நின்றாள். கட்டடத்தின் முன்புறப் புல்வெளியில் தோட்டக்காரர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அத்தை குழாயைப் பார்த்தாள். சோடாபுட்டி அத்தையைப் பார்த்தான்.

“நான் அந்த மாதிரி ஆளு இல்ல அத்தை” என்றான், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

டீச்சரை வரவழைத்து, மரத்தடியில் நிறுத்தினார்கள். சோடாபுட்டி தோட்டக்காரரிடம் எதையோ பேசி, அவர் தோளில் கைபோட்டு, சிரிக்கவைத்து, பீடி பற்றவைக்க அனுப்பிவிட்டுக் குழாயை வாங்கிக்கொண்டான். அதன் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். தண்ணீர் வில்லாக வளைந்து ஏறியது.

“ஐயையோ, கை வழுக்குதே!” என்று ஊருக்கே கேட்கக் கத்திக்கொண்டு, முதல் ஜன்னலிலிருந்து ஏழாவது வரை நிதானமாக, ஓரம்கூட விடாமல் நனைத்தான்.

சுவர் கருத்தது. மாலைகள் பூப்பூவாக இருண்டன. ஜன்னல் வளைவுகள் ஊறி, டீச்சரின் ஓவியத்தில் இருந்த அதே ஆழ்ந்த பழுப்புக்கு இறங்கின.

முகங்கள் கருக்கவில்லை. மூன்றாவது மட்டுமில்லை, ஏழுமே. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு இலைத்தாடிகளிலிருந்து உருண்டு விழுந்தது. இருண்ட சுவரில் ஏழு வெளுத்த முகங்கள் பளிச்சென்று மிதந்தன.

“ஏழுமே டூப்பா?” சோடாபுட்டி குழாயை இறக்கினான். “ஒண்ணைத் தேடி வந்தா மொத்தக் குடும்பமுமா?”

அத்தைக்கு ஓங்கி எதையாவது உதைக்கவேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கட்டடம் ஒரு கதவைச் சாத்தியது. ஒன்று மட்டும் நனையாவிட்டால் டீச்சர் சொன்னது சரி. ஏழும் நனைந்திருந்தால் தம்பி சொன்னது சரி. ஏழும் நனையவில்லை என்றால்?

“கல்லு நனைஞ்சா இப்படி இருக்காது” என்றார் டீச்சர், மரத்தடியிலிருந்து முன்னால் வந்து. குரலில் நடுக்கம் இல்லை. “ஆனா அன்னிக்கு அந்த ஆறும் நனைஞ்சுது. சத்தியமா நனைஞ்சுது.”

“நனைஞ்சிருக்கும்” என்றாள் அத்தை மெதுவாக. பார்வை மாலைகளில் நிலைத்திருந்தது. “அன்னிக்குக் குடிச்ச கல்லு இன்னிக்குக் குடிக்கலன்னா, நடுவுல யாரோ அது வாயைக் கட்டியிருக்காங்க. தண்ணி இறங்காம இருக்கறதுக்குக் கல்லு மேல பூசற மருந்து இருக்கு. பூசினா கண்ணுக்கே தெரியாது. கட்டடத்தக் காப்பாத்தறதுக்குப் பூசியிருந்தா மொத்தச் சுவருக்கும் பூசியிருக்கணும். மாலைக்கெல்லாம் பூசல. முகத்துக்கு மட்டும் பூசியிருக்கு.”

“மேக்கப் மாதிரியா?”

“ஆமாடா. ஒரு பொய் முகம் மழையில மாட்டிக்குது. அத மாத்த முடியல. அதனால ஆறு நிஜ முகத்தையும் அது மாதிரியே மாத்திட்டாங்க.” அத்தை டீச்சரின் பக்கம் திரும்பினாள். “உங்க படத்த இந்த ஊரே தப்புன்னு சொல்லுச்சு. ஒரே ஒருத்தர்தான் அதுல இருந்தது நிஜம்னு நம்பியிருக்காரு. நம்பினதாலதான் மருந்து பூசியிருக்காரு. பூசி முடிச்சுட்டு அடுத்த மழையில உங்களக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்காரு.”

டீச்சர் கட்டடத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“தண்ணிய நிறுத்துங்க! யாரு தண்ணி அடிக்கச் சொன்னது?”

தொப்பி கீழே விழுந்ததைக்கூட எடுக்காமல் தம்பி ஓடி வந்தான். பின்னாலேயே செயலாளர், அவ்வளவு வேகமாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. தம்பி மேலே பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவனால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

“பராமரிப்புக்காகப் பூசினது...” என்று ஆரம்பித்தான்.

“மாலைக்கு ஏன் பூசல, தம்பி?” என்றாள் அத்தை.

தம்பி விழுந்த தொப்பியைத் தேடித் திரும்பினான்.

“மேல் மாடி சாவியக் குடுங்க. இவன் குனிஞ்சு மூணாவது முகத்த ஒரு தட்டுத் தட்டட்டும். கல்லுச் சத்தம் கேட்டா நான் உங்க கால்ல விழறேன்.”

தம்பி பையில் கைவிட்டான். சாவியை வெளியே எடுக்கவில்லை. அப்படியே புல்வெளி ஓரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

“சுத்தம் பண்றப்ப விழுந்துருச்சுக்கா. சாரம் கட்டி, நான்தான் பக்கத்துல நின்னேன். உள்ள இருந்த இரும்பு துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு. கீழ விழுந்து தூள் தூளாப் போச்சு. வெளிய தெரிஞ்சா இந்த வேலை மட்டுமில்ல, இனிமே ஒருத்தனும் என்னைப் பழைய கட்டடத்துப் பக்கம் சேக்கமாட்டான். ஃபைபர்ல செஞ்சு வச்சேன்.”

“எதப் பாத்து செஞ்சீங்க?” என்றான் சோடாபுட்டி. “போட்டோவுல அந்த நக்கல் வராதே.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “அக்கா எனக்கு ரொம்ப முன்னாடி வரைஞ்சு குடுத்த படத்த. எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கற படம். புருவம், சுருக்கம் எல்லாம் அதுல அப்படியே இருந்துச்சு. அச்சுல எடுத்த மாதிரி.”

டீச்சர் அசையாமல் நின்றார். குழாயிலிருந்து தண்ணீர் புல்லில் ஓடி அவர் செருப்பை நனைத்தது. சோடாபுட்டி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான்.

“யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்” என்றான் தம்பி. “மழை பெஞ்சா எல்லாரும் கீழ பாத்துட்டு ஓடுவாங்க. நீ வந்து மேல பாத்துட்டு உக்காருவேன்னு நெனக்கல. படத்தப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. ஒரு வாரம் கழிச்சு நீ மறந்துருவேன்னுதான்... நீ வேலைய விடுவேன்னு நெனக்கலக்கா.”

“விட்டதுக்கப்புறம்?” என்றார் டீச்சர்.

அவன் புல்லைப் பிய்த்தான்.

“பயந்துட்ட. புரியுது. கல்லு உடைஞ்சுது, மறைச்ச. அதுகூடப் புரியுது.” டீச்சரின் குரல் உயரவே இல்லை. “அம்மாவ எதுக்குடா இழுத்த?”

தம்பி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

செயலாளருக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியிருக்கவேண்டும். “அப்படின்னா... படம் சரியா?” என்றார். “காலண்டர் அச்சுக்குப் போயிடுச்சே!”

“நூறு வருஷத்து முகம் போயிருச்சு சார், நீங்க காலண்டருக்குக் கண்ணீர் விடறீங்க” என்றான் சோடாபுட்டி. “கமிட்டியக் கூட்டுங்க. எப்ப கூட்டறதுன்னு கமிட்டியக் கேக்காம கூட்டுங்க.”

அவர் தம்பியைப் பார்த்து, “ரூமுக்கு வாங்க” என்றார். தம்பி எழுந்திருக்கவில்லை.

அத்தை டீச்சரின் அருகே போனாள். வழக்கு முடிந்ததும் சொல்வதற்கென்று அவளிடம் சில வார்த்தைகள் எப்போதும் உண்டு. இன்றைக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை. “உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல, டீச்சர். ஸ்கூல்ல நான் வந்து பேசறேன்.”

“என் எடத்துக்கு ஆள் போட்டாச்சு.” டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நான் கேட்டதத்தான் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க. கோவிச்சுக்கக் கூடாது. இதுக்குப் பதிலா என் கண்ணே போயிருந்தாத் தேவலைன்னு தோணுது.”

கிடங்குக்குத் தீ வைத்தவனைப் பிடித்தால் கம்பெனிக்காவது சந்தோஷம். இதில் யாருக்குச் சந்தோஷம்? ஜெயித்த வழக்கில் இவ்வளவு ஆற்றாமை அவளுக்குப் புதிது. யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

டீச்சர் வாசலை நோக்கி நடந்தார். பின்னாலேயே தம்பி எழுந்து ஓடினான். கார் சாவி அவன் விரலில் ஆடியது.

“அக்கா, இரு. வண்டில ஏறு. நான் வீட்ல விட்டுடறேன்.”

டீச்சர் திரும்பி, தம்பியை நிதானமாக, ஓவியத்துக்கு உட்காரும்போது பார்ப்பதுபோல நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தார்.

“வேணாம்” என்றார். “எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது.”

ஒரு பஸ் போகும்வரை சாலையோரம் காத்து நின்றார். பிறகு தனியாகக் கடந்து போனார்.